அயர்லாந்தில் சால்மன் பிடிக்கப் போகிறவர்களுக்கு: லைசென்ஸ் உங்கள் கைக்கு வரும்முன் பணம் கொடுக்காதீர்கள்

மாய் ஆற்றிலும் கான் ஏரியிலும் இரண்டு நாள் ஃப்ளை ஃபிஷிங், அதாவது 'ஃப்ளை' என்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பது. கைடு, படகு, தூண்டில், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 600 யூரோ. போன ஜூலையில் இப்படி ஒரு விளம்பரத்தை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். டப்ளினில் நம்மவர்கள் சிலர் இந்த வருடம் அதே ஆளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

"மீன் நிச்சயம்" என்றார் விளம்பரம் போட்ட கைடு. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் நன்னீரில் இரை எடுப்பதில்லை. ஒரு வாரம் முழுக்க வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. இதில் யார் உத்தரவாதம் தர முடியும்?

முதல் நாள் ஏரி. 12 வயது மகனையும் கூட்டிப் போயிருந்தேன். படகில் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை. கேட்டால், "ஏரிதானே, கடலா?" என்றார். 7 மீட்டருக்குக் குறைந்த திறந்த படகில் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். மகனை ஏற்ற மாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டேன். அன்றைய பணம் திரும்பி வரவில்லை.

மறுநாள் ஃபாக்ஸ்ஃபோர்டு பக்கம் ஆற்றில் இறங்கினோம். சிவப்பு ஷ்ரிம்ப் ஃப்ளையைக் குறுக்கே வீசி, ஓட்டத்தோடு போகவிட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் லைன் மெல்ல இறுகியது. அடுத்த நொடி ரீல் அலறியது. இரண்டு கிலோ இருக்கும், கடலில் ஒரே ஒரு குளிர்காலம் கழித்துவிட்டு வந்த இளம் சால்மன். வெள்ளித் தகடு மாதிரி உடம்பு. வால் பக்கத்தில் இரண்டு கடல் பேன்கள் இன்னும் ஒட்டியிருந்தன. நன்னீரில் அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால், மீன் ஆற்றுக்குள் வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். விட்டுவிடலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் கைடு கட்டையால் தலையில் அடித்துவிட்டார். மீனை என் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்தார். "டீ எடுத்து வருகிறேன்" என்று காரை நோக்கிப் போனார்.

அவர் வரவில்லை. ஆறு, ஏரி மீன்வளத்தைக் காக்கும் அரசு அமைப்பான இன்லேண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்தின் அதிகாரிகள் இருவர் வந்தார்கள். லைசென்ஸ் கேட்டார்கள். கைடு கொடுத்திருந்த தாளை நீட்டினேன். அது ஒரு கிளப் தரும், ட்ரவுட் என்ற வேறு மீனுக்கான ஒருநாள் சீட்டு. ப்ரவுன் ட்ரவுட் பிடிக்க அரசு லைசென்ஸ் தேவையில்லை, சால்மனுக்குக் கட்டாயம். அதோடு, பிடித்த மீனில் மாட்டும் அடையாளப் பட்டைகளான டேக்குகளும் ஒரு பதிவுப் புத்தகமும் தருவார்கள். மீனை வைத்துக்கொள்வதானால் உடனே செவுள் வழியாக டேக்கை மாட்டிப் பூட்டி, புத்தகத்தில் குறிக்க வேண்டும். என்னிடம் எதுவுமே இல்லை, காலடியில் செத்த மீன் மட்டும் கிடந்தது. மகன் பார்த்துக்கொண்டு நிற்க, பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு, மீனையும் எடுத்துப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வருடா வருடம் ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் குறைந்துகொண்டே வருகிறது. 2007-இலிருந்து கடலில் மிதவை வலையே போடக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள். அபராதத்தை நான்தான் கட்டினேன். கைடின் போன் அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை.

அரசு லைசென்ஸ் வேறு, அந்தக் கரைக்கு உரியவர் தரும் பெர்மிட் வேறு. இரண்டும் வேண்டும். லைசென்ஸை நீங்களே ஆன்லைனில் உங்கள் பெயரில் வாங்கிவிடலாம். பெர்மிட்டில் தேதியும் ஆற்றின் எந்தப் பகுதி என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் கரைக்காரரையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த ஆளின் இந்த வருட விளம்பரத்தில் ஒரு படம் இருக்கிறது. முகத்தை வெட்டிவிட்டு, நீல வார் கடிகாரம் கட்டிய கையும் ஒரு வெள்ளி மீனும் மட்டும் தெரியும். அது என் கை. அந்த மீனின் செவுளைப் பாருங்கள், டேக் இருக்காது.