கம்பனி மலை, மரக்கறித் தோட்டம், பங்குக் காணி: எதில் சம்பளம், எதில் மண்?

இலங்கை மலையகத்தில், நுவரெலியாப் பக்கம் வேலை தேடுகிறவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. பெருந்தோட்டக் கம்பனியின் சம்பளப் பதிவில் பேர் போடலாம், மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகலாம், இல்லாவிட்டால் கம்பனி பிரித்துக் கொடுக்கும் தேயிலைக் காணியைப் பராமரித்துக் கொழுந்தை விற்கலாம். எதில் காசு கூட என்பதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். எது மண்ணைக் காக்கும் என்பதைச் சுற்றாடல் கருத்தரங்கில் பேசுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கணக்குத்தான். கையால் புல் பிடுங்குவது, வடிகான் வெட்டுவது, சரிவில் கல் அடுக்குவது எல்லாமே ஆள் வேலை. அதற்குப் பேர் போட்டால்தான், அதாவது நாட்சம்பளம் கணக்கில் விழுந்தால்தான், மண் நிற்கும்.

முதலில் கம்பனி. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கத்தின் 200 ரூபாயையும் சேர்த்தது. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதம் கட்டும். ஆனால் சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது வேறு.

புல் விஷயத்தில்தான் கம்பனியின் மனம் தெரியும். 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டபோது, கையால் புல் எடுக்க ஆளும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது என்று தோட்ட நிர்வாகங்கள் முறையிட்டன. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. மருந்து டாங்கியோடு ஒருவர் போனால் பல பேருடைய வேலை மிச்சம். பொதியில் தவளை முத்திரை இருக்கிற தேயிலைக்கு, அந்த முத்திரையைக் கொடுக்கும் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் விதிகள் உண்டு: நீரோடை ஓரம் மருந்து கூடாது, அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும். விதிகள் நல்லவைதான். தணிக்கைக்கு ஆள் வரும் வாரத்தில் மட்டும் புதுக் கையுறையும் பூட்ஸும் வெளியே வரும் தோட்டத்தையும் பார்த்திருக்கிறேன்.

மரக்கறித் தோட்டத்தில் கைக்குக் கிடைப்பது பொதுவாகக் கம்பனியைவிடக் கூட, அதுவும் அன்றன்றே. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு நடும் காலத்தில் தோட்ட லயத்து வீடுகளின் இளைஞர்களை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காணக் கிடைக்காது. சேமலாப நிதி இல்லை. மழை பெய்தால் வேலையும் இல்லை. இன்னொன்று: தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1984இலேயே சம்பளம் சமமாயிற்று. மரக்கறிப் பக்கம் பல இடங்களில் இன்னும் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கூலி. மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சரிவை மேலிருந்து கீழாகக் கொத்தி, உரமும் மருந்தும் தாராளமாகப் போடுகிறார்கள். அத்தனையும் மழையோடு ஆற்றுக்குப் போகிறது. நல்ல கூலியின் ஒரு பகுதியைக் கீழே தண்ணீர் குடிக்கிறவர் கட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் பங்குக் காணி. அவுட்குரோவர் என்று கம்பனி சொல்வது இதைத்தான். நன்றாகப் பறிக்கும் குடும்பத்துக்கு நாட்சம்பளத்தைவிடக் கூடக் கிடைக்கலாம், கங்காணியின் அதட்டலும் இல்லை. ஆனால் புல் பிடுங்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் யாரும் பேர் போடுவதில்லை. நட்டமும் வீட்டுக்குத்தான். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது கொழுந்து குறைந்தது; கிலோவுக்குக் காசு வாங்கும் ஆளுக்கு வருமானமும் அப்படியே குறைந்தது.

என் ஓட்டு, நிபந்தனையோடு, மூன்றாவதுக்கு. தன் செடி என்றால் வேரடியில் மண் கழுவிப்போவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்குக் கிடைத்த சரிவில் கல் அடுக்க யாருக்கு மனம் வரும்? உரத்தின் விலையை யார் ஏற்பது, கொழுந்து விலை எப்படித் தீர்மானமாகிறது, தராசில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சேமலாப நிதியை விட்டுவிடச் சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டில் ஒருவராவது கம்பனிப் பேரில் இருக்கட்டும்.