ஊக்கியும் சமநிலையும்: ஹட்டன் ஞாயிறு இரசாயனவியல் வகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

உயர்தரப் பரீட்சையை இரண்டாந் தடவை எழுதவிருக்கும் நான், ஹட்டன் நகரில் ஞாயிறுதோறும் நடைபெறும் வகுப்பொன்றில் சமநிலை அலகை, அதாவது முன்னும் பின்னும் நடக்கும் இரசாயனத் தாக்கங்கள் சம வேகத்தை அடையும் நிலை பற்றிய பாடத்தை, நான்கு வாரங்கள் கற்றேன். முன்பு வேறோரிடத்தில், ஊக்கி (தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) சேர்த்தால் கிடைக்கும் விளைபொருளின் அளவு கூடும் என்று மனனஞ் செய்து, அதையே விடைத்தாளிலும் எழுதியிருந்தேன். அந்தப் பிழை இங்கேதான் திருந்தியது.

மூன்றாம் வாரம் சேர் மேசைமேல் ஒரே அளவான இரண்டு ஜாம் போத்தல்களை வைத்தார். ஒன்றில் சாயமிட்ட நீர் இருந்தது, மற்றது வெறுமை. இரண்டு மாணவர்களிடம் சுண்டுவிரற் பருமனில் ஒன்றும் பென்சிற் பருமனில் ஒன்றுமாகக் கண்ணாடிக் குழாய்களைக் கொடுத்து, குழாயை அடிவரை அமிழ்த்தி, மேல்வாயை விரலால் அடைத்து, ஏறிய நீரை எதிர்ப் போத்தலில் விடச் சொன்னார். பருத்த குழாய் முதலாம் போத்தலுக்கு, மெல்லியது இரண்டாவதற்கு. நீர் குறையக் குறையக் குழாயில் ஏறுவதும் குறைந்து, பன்னிரண்டு நிமிடத்தில் இரு மட்டங்களும் நிலைத்தன. ஆனால் மாற்றுவதை இருவரும் நிறுத்தவில்லை. இயங்கு சமநிலையை நான் கண்ணால் கண்டது அன்றுதான். மட்டங்களைக் குறித்துவிட்டு, அதே குழாய்களால் இருவரும் இரட்டிப்பு வேகத்தில் தொடக்கத்திலிருந்து செய்தபோது, ஆறு நிமிடத்தில் நீர் அதே கோடுகளில் வந்து நின்றது.

பிறகுதான் அவர் கரும்பலகைக்குப் போய், இரட்டித்த அந்த வேகத்தை ஊக்கியின் வேலையோடு ஒப்பிட்டார். ஊக்கி முன்முகத் தாக்கத்தின் ஏவற்சக்தியையும் (தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தி மேடு) பின்முகத் தாக்கத்தின் ஏவற்சக்தியையும் ஒரே அளவால் குறைப்பதால், சமநிலை விரைவில் எய்தப்படுமே தவிர அதன் நிலை நகராது. சமநிலையில் விளைபொருளும் தாக்கிகளும் இருக்கும் விகிதத்தைக் காட்டும் சமநிலை மாறிலியை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே.

“அப்படியென்றால் அமோனியாத் தொழிற்சாலையில் இரும்பு ஊக்கி எதற்கு, சேர்?” என்று கேட்டேன். அவர் அளித்த விடைக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைக்கலாம். நைதரசனும் ஐதரசனும் சேர்வது வெப்பத்தை வெளிவிடும் தாக்கம் என்பதால், வெப்பநிலை தாழத் தாழ அமோனியாவின் பங்கு கூடும். ஆனால் தாக்கவீதம் பயனற்ற அளவுக்கு விழுந்துவிடும். ஊக்கி இருப்பதாலேயே ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் வேலை நடத்த முடிகிறது. ஊக்கியில்லாமல் இன்னும் சூடாக்க வேண்டியிருந்தால் விளைவு மேலும் குறைந்திருக்கும். 1909 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஏபர் ஆய்வுகூடத்தில் ஒசுமியம் என்ற உலோகத்தை ஊக்கியாகப் பயன்படுத்திக் காட்டியது, 1913 இல் ஜேர்மனியின் ஒப்பாவில் இரும்பு ஊக்கியுடன் பெருந்தொழிலாயிற்று. நம் தேயிலை மலைகளுக்கு இடும் யூரியாவும் அந்த அமோனியாவிலிருந்துதான் வருகிறது.

குறைகளும் உள்ளன. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்பதில்லை. முன்னேரமே சென்று முதல் மூன்று வரிசைகளுக்குள் இடம்பிடிப்பது நல்லது. அச்சிட்ட டியூட்டில் (பாடக்குறிப்பில்) உள்ள சக்தி வரைபில் முன்முக அம்புக்குறி மட்டுமே இருக்கிறது. விளைவின் மட்டத்திலிருந்து மேடு வரை பின்முக அம்புக்குறியையும் நானே பேனையால் கீறிக்கொண்டேன்; புதிதாகச் சேர்பவர்களும் அதைக் கீறிக்கொள்ள வேண்டும்.