ஃபீட்டா, ப்ளஸ் டூவா? நாலாம் லெவல் கேள்விக்கு எங்கள் மேசை கண்ட பதில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சில வருடங்களாக விளையாடி வருகிறோம். ஞாயிறு மதியம் கூடுவோம். குழுவில் இரண்டு பேர் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் என்பதால் இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். ஆட்டம் முழுவதையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஃபீட் என்கிற ஒரே விஷயம் இத்தனை நாள் புழக்கத்தில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஃபீட் என்பது உங்கள் கேரக்டருக்கு அதன் க்ளாஸ் (போர்வீரரான ஃபைட்டர், மந்திரவாதியான விசார்ட் மாதிரியான தொழில்) தராத தனித் திறமை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லோருக்கும் கட்டாயமாகக் கிடைத்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை விருப்ப விதியாக மாற்றி, கதையை நடத்தும் டிஎம் சம்மதித்தால்தான் உண்டு என்று வைத்தது. 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி மாதிரியான ஒரு எண்ணை 2 கூட்டிக்கொள்ளலாம் (தலைப்பில் சொன்ன ப்ளஸ் டூ இதுதான்), அல்லது இரண்டு எண்களை ஒவ்வொன்று கூட்டலாம். அதை விட்டுக்கொடுத்தால் ஒரு ஃபீட். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை மட்டும் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. அதில் இருக்கும் ஒரே ஃபீட் கிராப்ளர்தான். எங்களில் பாதிப் பேர் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் இத்தனை இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

நாலாம் லெவல் வந்ததும் எங்கள் மேசையில் தவறாமல் கேட்கும் குரல் இது: “அண்ணா, ஸ்ட்ரெங்த்தை ஏத்திக்கவா, கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்துக்கவா?” டிஎம் அண்ணன் பதில் சொல்ல மாட்டார், சிரிப்பார். அதனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 16, கையில் கிரேட்ஸ்வார்ட் என்ற பெரிய வாள். டி20 என்ற இருபது முகப் பகடையில் விழுவதோடு 5 கூட்டித் தாக்குவார், பட்டால் சராசரி சேதம் 10. எதிரியின் ஆர்மர் க்ளாஸ், அதாவது தாக்குதல் படுவதற்குத் தொட வேண்டிய எண், 13 என்றால் 65 சதவீதம் படும், ஆக ஒரு வீச்சுக்கு 6.5. கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டின் படி தாக்குதலில் 5 கழித்து சேதத்தில் 10 கூட்டினால் 40 சதவீதம்தான் படும், ஆனால் பட்டால் 20, ஆக 8. ஆர்மர் க்ளாஸ் 16-க்கு இரண்டு வழியிலும் 5 வருகிறது. 18-க்கு சாதாரண வீச்சு 4, ஃபீட் வீச்சு 3. ஃபீட்டை விட்டுவிட்டு ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கியிருந்தால் 13-க்கு 7.7, 16-க்கு 6-ஐத் தாண்டும். 20 விழுந்தால் சேதம் கூடும் கிரிட்டிகலையும், ஃபைட்டருக்குரிய ஃபைட்டிங் ஸ்டைல் சலுகையையும் சேர்க்காத கணக்கு இது.

அப்படியானால் இந்த ஃபீட்டைப் பார்த்து ஏன் இத்தனை பயம்? அட்வான்டேஜ்தான் காரணம். இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுக்கலாம் என்றானதும் ஆர்மர் க்ளாஸ் 13-க்கு ஃபீட் வீச்சு 12.8-க்குப் போய்விடுகிறது, ஸ்ட்ரெங்த் ஏற்றியவரோ 10-ல் நிற்கிறார். இது தெரிந்த அன்றிலிருந்து மேசை முழுக்க ஒரே வேலைதான், ஃபைட்டருக்கு அட்வான்டேஜ் வாங்கித் தருவது. என் விசார்ட் வளர்த்த ஆந்தை சுற்றுக்குச் சுற்று எதிரியின் தலைக்கு மேல் பறந்து உதவி செய்துவிட்டு வரும், அவ்வளவுதான். நான் என்ன மந்திரம் போடலாம் என்று யாரும் கேட்பதில்லை, ஆந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். ஃபைட்டருக்குக் கொண்டாட்டம், மற்ற எல்லோரும் அவருக்கு எடுபிடி. இந்த ஃபீட் மீது என் வருத்தம் இதுதான். எண் பெரிதாக வருவது பரவாயில்லை, ஒருவருடைய தேர்வு மற்றவர்களின் ஆட்டத்தைச் சுருக்கிவிடுவதுதான் மோசம்.

லக்கி என்ற ஃபீட்டும் எனக்குப் பிடிக்காது. லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை மூன்று புள்ளிகள். சரியாகக் கதை சூடு பிடிக்கும் இடத்தில் விழுந்த 2-ஐ அழித்துவிட்டு இன்னொரு டி20 உருட்டுகிறார்கள். நீண்ட கம்பு ஆயுதத்துக்கான போலார்ம் மாஸ்டரும், அடிபட்டவரை நின்ற இடத்திலேயே நிறுத்தும் சென்டினலும் ஒரே கேரக்டரிடம் சேர்ந்தால் பக்கத்தில் யாரும் வர முடியாது. டிஎம்மும் அலுத்துப்போய் வில்லாளிகளையே அனுப்பத் தொடங்கிவிடுவார்.

இனி நல்லதைச் சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் குழுவில் காயம் ஆற்றும் க்ளெரிக் கிடையாது. ரோக் என்ற கள்ளர் க்ளாஸில் தீஃப் வகையை ஆடும் தங்கை, எல்லோரும் தடுத்தும் கேட்காமல், நாலாம் லெவலில் ஹீலர் ஃபீட்டை எடுத்தாள். ஒரு கிடங்குச் சண்டையில் ஃபைட்டர் உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்து விழுந்தார். அவள் தன் முறையில் முதலில் எதிரியின் முதுகில் கத்தியை இறக்கினாள். அப்புறம் தீஃபுக்கு உரிய ஃபாஸ்ட் ஹேண்ட்ஸை வைத்து, கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் மருந்துப் பெட்டியான ஹீலர்ஸ் கிட்டைத் திறந்தாள். டி6-ல் 5 விழுந்தது. அதோடு 4, விழுந்தவரின் ஹிட் டைஸ் (லெவலுக்கு ஒன்றாகக் கிடைக்கும் உயிர்ப் பகடை) எண்ணிக்கைக்கு இன்னொரு 4, மொத்தம் 13. ஒரே முறையில் குத்தும் ஆயிற்று, கட்டும் ஆயிற்று. ஐந்து பொன்னுக்குக் கிடைக்கும் பத்துமுறை கிட், மந்திரம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேரக்டரை எல்லோரும் “வைத்தியரம்மா” என்றுதான் கூப்பிடுகிறோம். டெக்ஸ்டெரிட்டியை 2 ஏற்றியிருந்தால் இந்தப் பெயர் வந்திருக்குமா?

என் விசார்டுக்கு நான் கேட்டு வாங்கியவை லிங்குவிஸ்ட்டும் கீன் மைண்டும். எங்கள் டிஎம் இங்கே பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டை மாதிரியாக வைத்து ஒரு துறைமுக நகரம் கட்டியிருக்கிறார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம் அல்லவா, ரோமானிய ஆம்போரா ஜாடிகளும் மணிகளும் கதைக்குள் தாராளமாக வருகின்றன. அந்த ஊரில் லிங்குவிஸ்ட் எடுத்து மூன்று மொழி கூடுதலாகத் தெரிந்த ஒருத்தி எவ்வளவு பெரிய ஆள் என்று யோசித்துப் பாருங்கள். யவன வணிகன் தன் ஆளிடம் முணுமுணுப்பது எனக்கு மட்டும் புரியும். நான் எழுதும் சங்கேதக் கடிதத்தை உடைக்க, என் இன்டெலிஜென்ஸ் 18, என் ப்ரொஃபிஷியன்சி (லெவலோடு ஏறும் தேர்ச்சி எண்) 2 என்று கூட்டி வரும் 20-ஐ மற்றவர்கள் உருட்டித் தொட வேண்டும். கீன் மைண்ட் இருந்தால் வடக்கு எது என்று எப்போதும் தெரியும், கடந்த ஒரு மாதத்தில் பார்த்ததும் கேட்டதும் அப்படியே நினைவிருக்கும். ஜாடியின் கழுத்தில் என்ன முத்திரை இருந்தது என்று நான் கேட்பேன், டிஎம் சொல்லியே ஆக வேண்டும். அதற்காகவே அவர் தனி நோட்டு ஒன்று போட்டுவிட்டார், கதையும் அதனால் கெட்டிப்பட்டது.

இந்த மாதிரி சத்தமில்லாத ஃபீட்களை யாரும் எடுக்காமல் போவதற்கு 2014 விதியே காரணம் என்பது என் தீர்மானமான கருத்து. எண்ணையும் திறமையையும் ஒரே பையிலிருந்து செலவு செய்யச் சொன்னால் மனிதர்கள் எண்ணைத்தான் வாங்குவார்கள். எங்கள் மேசை இரண்டையும் பிரித்துவிட்டது. நாலிலும் எட்டிலும் வழக்கம்போல எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அது போக மூன்றாம் லெவலிலும் ஆறாம் லெவலிலும் ஒரு ஃபீட் இலவசம். ஆனால் அது சண்டைக் கணக்கை நேராக ஏற்றுவதாக இருக்கக் கூடாது, அந்தக் கேரக்டர் கதையில் அந்த வேலையைச் செய்து காட்டியிருக்கவும் வேண்டும். ஆக்டர், அப்சர்வன்ட், ரிச்சுவல் காஸ்டர் எல்லாம் இப்படித்தான் எங்கள் மேசைக்கு வந்தன. நானும் லிங்குவிஸ்ட்டை வாங்கியது கப்பல்காரர்களோடு பல செஷன்கள் பேச்சுக் கொடுத்த பிறகுதான்.

2024-ல் வந்த புதிய ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் பாதி தூரம் இதே பக்கம் வந்திருக்கிறது. ஃபீட் இப்போது விருப்ப விதி அல்ல. முதல் லெவலிலேயே கேரக்டரின் முன்கதையான பேக்ரவுண்டோடு ஒரு ஆரிஜின் ஃபீட் வந்துவிடுகிறது. விவசாயிக்கு டஃப், வணிகருக்கு லக்கி, மாலுமிக்கு டாவர்ன் ப்ராலர். பெரிய ஃபீட்கள் பெரும்பாலும் கூடவே ஒரு எண்ணை 1 ஏற்றித் தருவதால் மனப் போராட்டம் குறைந்திருக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டரில் கழித்துக் கூட்டும் கணக்கு போய், ப்ரொஃபிஷியன்சி அளவுக்குச் சேதம் கூடுகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையே கொடுக்கிறோம். முதல் நாளே நீண்ட பட்டியலைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை, பேக்ரவுண்டைக் கேட்டால் போதும்.

ஹீலரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. புதிய ஹீலரில் அடிபட்டவர் தன் ஹிட் டைஸில் ஒன்றைச் செலவழித்தால்தான் உயிர் ஏறும். ஒரு ஓய்வுக்குள் ஒருமுறைதான் என்ற கட்டுப்பாடு போய்விட்டது உண்மைதான். ஆனாலும் விழுந்து கிடப்பவரிடமே கட்டணம் வாங்குவது எங்களுக்கு ஒப்பவில்லை. வைத்தியரம்மா பழைய விதிப்படியே கட்டுப் போடுகிறார்.