கன்னியாவில் ஒருவர், ஆய்வுகூடத்தில் ஒருவர்

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை ஆராயும் நிலவியல் விஞ்ஞானியையும் அந்நீரைப் பகுக்கும் இரசாயன விஞ்ஞானியையும் ஒப்பிட்டால், விஞ்ஞானி என்ற ஒரே சொல் எத்தனை வேறுபட்ட உழைப்பைச் சுமக்கிறது என்பது தெரியும்.

கள விஞ்ஞானி ஏழு கிணறுகளிலும் தனித்தனியே வெப்பமானியை இறக்குகிறார். நீர் போத்தலில் ஏறியதும் ஆறத் தொடங்கி, கரைந்த வாயுக்களும் வெளியேறிவிடும் என்பதால், வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் அவ்விடத்திலேயே குறித்தாக வேண்டும். போத்தலை அதே கிணற்று நீரால் மும்முறை அலசி, குமிழி தங்காமல் விளிம்புவரை நிரப்பி மூடுகிறார். இந்த நிமிடங்களில் நேரும் பிழையைப் பின்னர் எந்தக் கருவியாலும் திருத்த இயலாது. ஆகவே அவருடைய பொறுமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆய்வுகூட விஞ்ஞானிக்கு வெயிலும் மழையும் இல்லை; ஆனால் தூய நீரையும் மாதிரியைப் போலவே சோதித்து, தம் கருவியைத் தாமே ஐயுறும் கடமை உண்டு. சூடு கூடும்போது பாறையிலிருந்து சிலிக்கா என்னும் கனிமப்பொருள் கூடுதலாகக் கரையும்; கரைந்துள்ள அளவைக் கொண்டு, எவரும் இறங்க முடியாத ஆழத்தின் வெப்பநிலையை அவர் மதிப்பிடுகிறார். எரிமலை இல்லாத இலங்கையில் இந்நீர் எவ்வாறு சூடாகிறது என்ற கேள்விக்கு இவ்விருவரின் குறிப்பேடுகளும் தேவை. எனினும், தொடங்குபவர் ஒருவருக்கு முதலில் கிணற்றடியையே பரிந்துரைப்பேன்.