அளந்து பார்த்த பிறகே கழற்றும் பட்டறை: சூரமங்கலத்தில் ஒரு கார் எலக்ட்ரீஷியன்

சேலம் சூரமங்கலத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில், இரண்டு கார்களுக்கு மேல் நிறுத்த இடமில்லாத வயரிங் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரே கேட்டுக்கொண்டார். உதவிக்கு ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான், கூட்டம் வந்தால் தாங்காது என்பது அவர் சொன்ன காரணம். ரயில் நிலையத்து வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களிடம் விசாரித்தால் கை காட்டிவிடுவார்கள் என்பதால், தேவைப்படுவோர் தேடிக்கொள்ளலாம். எட்டு மாதமாக என் பழைய காரில் தீராமல் இருந்த இரண்டு மின்கோளாறுகளை அவர் நான்கு நாளில் தீர்த்துக் கொடுத்தார். அதை எப்படிச் செய்தார் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது பட்டறையின் முகவரியைவிடப் பயன்படும்.

வண்டி 2009-ஆம் ஆண்டு பெட்ரோல் கார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டக்காரரிடமிருந்து வாங்கினேன். எஞ்சினும் டயரும் நன்றாகவே இருந்தன. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொட்டகை இல்லாமல் மலையின் பனியிலும் சாரலிலும் கழித்த வண்டி அது என்பதை வாங்கும்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாபேட்டையில் வீடு, ஏற்காட்டில் வேலை என்பதால் வாரத்தில் மூன்று நாள் மலை ஏறி இறங்க வேண்டியவன் நான்.

வாங்கிய இரண்டாவது மாதமே தொல்லைகள் தலைகாட்டின. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். தள்ளித்தான் எடுக்க வேண்டும். மற்றொன்று விசித்திரமானது. மாலை மங்கிய பிறகு கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் ஏறத் தொடங்கி, ஊசி வளைவுகளில் முதல் கியரில் இழுக்கும்போது ஹெட்லைட் திடீரென்று மங்கும், ஏசி காற்று தளரும், இண்டிகேட்டரின் டிக் டிக் ஒலி சோர்ந்து போகும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும். வளைவைத் தாண்டிவிட்டால் எல்லாம் பழையபடி. இருபது ஊசி வளைவுகளில் ஐந்தாறில் இது நடக்கும். எந்த ஐந்தாறு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூடுபனியில், எதிரே பேருந்து இறங்கி வரும்போது விளக்கு மங்கினால் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சாலையில் போய் வருபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டினேன். முதலாமவர் பேட்டரி செத்துவிட்டது என்று புதியது போட்டார். மூன்றாம் நாள் அதுவும் இறங்கியது. இரண்டாமவர் டைனமோவைக் கழற்றி கார்பன் பிரஷ், பேரிங் மாற்றினார். சமதளத்தில், பட்டறை வாசலில், 14.1 வோல்ட் காட்டுகிறதே, இனி என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் காட்டிய எண் பொய்யில்லை. ஓடும் எஞ்சினில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்றுதான் பொருள். ஆனால் என் வண்டிக்கு நோய் வருவது மலையில். அவர் நாடி பார்த்தது ஊருக்குள். இந்த இரண்டு வேலைகளுக்கும் சேர்த்து ஏழாயிரத்துக்கு மேல் போயிற்று.

சூரமங்கலத்துக்காரர் முதல் அரை மணி நேரம் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். விளக்கு மங்கும் நாளில் செல்ஃப், அதாவது எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், எப்படி எடுக்கிறது என்பது அவற்றில் ஒன்று. ஒரே சாவியில் எடுத்துவிடும் என்றேன்.

“அப்போ பேட்டரியையும் பெரிய கேபிளையும் திட்டக் கூடாதுங்க சார். செல்ஃப்தான் வண்டியிலேயே அதிகமா கரண்ட் இழுக்கிற சாமான். அதுக்குப் போற வழி நல்லா இருக்கு. விளக்குக்குப் போற வழியிலதான் எங்கயோ அடைப்பு. நிறுத்தி வச்சா இறங்குறது வேற சங்கதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுங்க” என்றார்.

எட்டு மாதத்தில் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நானும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பேட்டரி இறங்கும் சங்கதியை எடுத்தார். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தே வைத்தார். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும், அளவு தப்பும் அல்லவா? தீப்பெட்டி அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து நான்காக மடித்து, கதவுச் சட்டத்தில் இருக்கும் சிறிய சுவிட்சின் மேல் வைத்து டேப்பால் அழுத்தி ஒட்டினார். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பிவிட்டது. பிறகு மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளிலும் மறு முனையை அந்தக் கேபிள் மாட்டியிருக்கும் நெகட்டிவ் முளையிலும் கவ்வவிட்டு, அதன் பிறகே கேபிளை மெல்லத் தூக்கினார். கேபிளை முதலில் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டினால் மின்சாரம் ஒரு கணம் அறுபடும், மின்சாரத்தைத் திருடிக்கொண்டு விழித்திருக்கும் கருவி அந்த இடைவெளியில் படுத்துவிடக் கூடும் என்பது அவர் விளக்கம். அந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது என்று சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செல்ஃப் இழுக்கும் மின்னோட்டம் அந்தச் சிறிய மீட்டரை ஒரு நொடியில் எரித்துவிடும்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கருவிகளெல்லாம் உறங்கிய பிறகும் மீட்டர் 0.38 ஆம்பியர் காட்டியது. 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை. கணக்கு எனக்கே அப்போதுதான் உறைத்தது: 0.38 ஆம்பியர் வீதம் 48 மணி நேரத்துக்குப் பதினெட்டு ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவோ 35. இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி.

அடுத்து அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் ஊசிமுனை அளவுக்கு இரண்டு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டுக்குத் திருப்பி, இரண்டு முனைகளையும் அந்தப் புள்ளிகளில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். மின்சாரம் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம்; ஓடுவதில் சிறிதளவு காட்டும். பதினைந்து ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றில் மட்டும் 1.7 வந்தது. அது பாட்டுப் பெட்டியின் ஃப்யூஸ். பெட்டியை வெளியே இழுத்தபோது, எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய மஞ்சள் வயரையும் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு வயரையும் யாரோ ஒன்றாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்க யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். திரை அணைந்தாலும் பெட்டி உள்ளே விழித்தே இருந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து, சிவப்புக்குச் சாவி வழியிலிருந்து தனி இணைப்புக் கொடுத்து, முறுக்கிவிடாமல் ஈயப்பற்று வைத்துச் சுருங்கும் குழாய் போர்த்தினார். மீட்டர் 0.03-க்கு இறங்கியது.

மலையில் விளக்கு மங்குவதைப் பார்க்க அவர் ஏற்காடு வரை வர வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் பட்டறை வாசலிலேயே மலையை வரவழைத்தார். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையில், மற்றொன்று சுரண்டிய வெறும் பாடித் தகட்டில். எஞ்சின் ஓடுகிறது, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டாயிற்று. மீட்டரில் 0.06 வோல்ட். மின்சாரம் பாடியிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழியில் அடைப்பில்லை என்று பொருள். பிறகு பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பிரேக்கை இறுக மிதித்து, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். வண்டி நகராமல் முக்கியது; எஞ்சின் தன் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீட்டர் 1.9-க்குத் தாவியது. சுவரில் விழுந்திருந்த ஹெட்லைட் வெளிச்சம் எட்டு மாதமாக நான் வளைவுகளில் பார்த்த அதே விதமாக மங்கியது.

என் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து பாடிக்கு ஒரு பின்னல் எர்த் பட்டை போகிறது. செல்ஃபுக்கு முதல் வழியே போதும். விளக்கு, ஃபேன், மீட்டர்கள் எல்லாம் இரண்டாவது வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பார்வைக்கு முழுதாக இருந்தது. வளைத்துப் பார்க்கச் சொன்னார். வளைத்ததும் பித்தளை முனைக்கு அருகே பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது, உள்ளே இழைகளில் முக்கால்வாசி அறுந்து கிடந்தன. எஞ்சின் சும்மா நிற்கும்போது அறுந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஏற்றத்தில் எஞ்சின் சாயும்போது விலகின. மலை ஈரம் செய்த வேலை என்றார். புதுப் பட்டையைப் போடுமுன் பாடியில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். மறுபடி பையனைக் கிளட்ச் விடச் சொன்னபோது 0.04-லேயே நின்றது.

ஹெட்லைட்டில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த 100/90 வாட் பல்புகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பல்பில் செருகும் கப்ளரின் பிளாஸ்டிக் ஒரு காலில் உருகிப் பழுப்பேறியிருந்தது. 60/55 வாட் பல்புகளுக்கென்று போட்ட வயரில், பேட்டரியிலிருந்து தனி வழியில் மின்சாரம் விடும் ரிலே சுவிட்ச் இல்லாமல் அவற்றை எரித்தால் இதுதான் கதி என்று சொல்லி, பழைய அளவுக்கே மாற்றினார். பனியில் கூடுதல் வெளிச்சம் கண்ணைத்தான் கூசச் செய்யும் என்பதால் எனக்கும் வருத்தமில்லை.

மொத்தம் 1,850 ரூபாய். இதில் எர்த் பட்டை, இரண்டு பல்பு, கப்ளர் அடங்கும். கூலி என்று அவர் வாங்கியது ஆயிரத்துக்குச் சற்று மேல். அரை நாளுக்கு மேல் அளந்து பார்த்ததற்கு அது குறைவு என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. நாளை தருகிறேன் என்றவர் நான்காம் நாள்தான் தந்தார்; இடையில் தொலைபேசியை ஒருமுறைகூட எடுக்கவில்லை. முறையான ரசீது கிடையாது, டைரித் தாளில் எழுதித் தருகிறார். அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. சித்திரை வெயிலில் அந்தச் சந்தில் நிற்பது கொடுமை. ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் தன்னிடம் அதற்குரிய ஸ்கேனர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்; தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை நான் குறையாகச் சேர்க்கவில்லை, ஆனால் புது வண்டிக்காரர்கள் வீணாக அலைய வேண்டாம். பாட்டுப் பெட்டியைத் திரும்ப மாட்டியபோது ஒரு கிளிப் உடைந்திருக்கிறது; மேடுபள்ளத்தில் அந்தப் பலகை கிரீச்சிடுகிறது. கேட்டதற்கு, பழையது சார், அது அப்படித்தான் என்று மழுப்பிவிட்டார். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவரும் மற்ற மெக்கானிக்குகளைப் போலத்தான்.

ஆறு வாரம் ஆகிறது. சென்ற வெள்ளிக்கிழமை இரவு நல்ல மூடுபனியில் ஏறினேன். இருபது வளைவிலும் விளக்கு ஆடவில்லை. ஐந்து நாள் ஊரில் இல்லாமல் திரும்பிய அன்றும் செல்ஃப் ஒரே சாவியில் எடுத்தது. வைப்பரின் மெதுவான வேகம் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அது மோட்டாருக்குள் பிரஷ் பிரச்சினையாக இருக்கலாம், அளக்காமல் சொல்ல மாட்டேன், மழைக்கு முன் கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த திங்களன்று காலை ஒன்பதுக்குள் போய் வரிசையில் நிற்கப் போகிறேன்.