உப்புக் காற்றில் ஒரு யமஹா பேஸ்

உப்புவெளியில் ஒரு தம்பியிடம் பழைய யமஹா டிஆர்பிஎக்ஸ்174 பேஸ் கிட்டார் வாங்கி எட்டு மாதம். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), கழுத்தின் குறுக்கே 24 ஃபிரெட் (உலோகப் பட்டிகள்), கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பில் பி, ஜே இரண்டு வகையும் உண்டு. பற்றரி தேவையில்லை. கோயில் திருவிழா மேடைக்குத் தாராளம்.

வாங்கிய அன்று கழுத்து வளைந்து, கம்பிகள் விரல் நோகும் உயரத்தில் நின்றன. கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி ஓர் இரவு விட்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்புறம்தான் சேடில், அதாவது உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு. 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். எனக்கு ஈ எனும் தடித்த கம்பிதான் அடம்பிடித்தது.

திருகோணமலைக் கடற்காற்று கம்பியைத் தின்றுவிடும். வாசித்ததும் துடையுங்கள். விற்கும்போதும் புதுக்கம்பி போட்டே கொடுங்கள். வாங்குபவர் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான். நான் இதை விற்பதாக இல்லை.