ஓசூரா, கிருஷ்ணகிரியா, தருமபுரியா? மலைப்பக்கம் குடியேற நினைப்பவர்களுக்கு

எங்கள் பக்கத்திலிருந்து யாருக்காவது ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்துவிட்டால் அடுத்த வாரமே எனக்கு ஃபோன் வரும். வீடு எங்கே பார்ப்பது, ஓசூரிலேயே இருந்துவிடலாமா, வாடகை குறைவு என்கிறார்களே கிருஷ்ணகிரி எப்படி, தருமபுரி ரொம்ப தூரமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது. நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி முதலில் ஓசூரில் குடியிருந்தோம், இப்போது கிருஷ்ணகிரி. நாத்தனார் குடும்பம் தருமபுரியில், அதனால் அந்த ஊரும் பழக்கம். என் ஓட்டு கிருஷ்ணகிரிக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது சரிப்படாது. யாருக்குச் சரிப்படாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் குளிர், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இதில் ஓசூரை மற்ற இரண்டு ஊராலும் தொடவே முடியாது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3000 அடி உயரம், பெங்களூர் இருக்கும் அதே மேட்டு நிலம். மார்கழியில் காலை எட்டு மணிக்குக்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவோம். சித்திரையிலும் பகல் வெயிலைப் பொறுத்துக்கொண்டால் ராத்திரி ஃபேன் இல்லாமல் தூங்கிவிடலாம். இன்னும் மேலே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் குளிர் கூடிக்கொண்டே போகும், தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்றே பெயர். ஓசூரிலிருந்து சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் பஸ் இறங்க ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாக வரும் காற்றே மாறிவிடும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம்தான், தருமபுரியும் ஏறக்குறைய அதே மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு ஊரிலும் பாறை சூடாகி, அந்தச் சூடு ராத்திரி பத்து மணி வரை சுவரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். குளிருக்காகத்தான் வருகிறேன் என்பவர்கள் மேலே படிக்கவே வேண்டாம், ஓசூருக்குப் போய்விடுங்கள்.

வேலையிலும் ஓசூர்தான் முன்னால். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்து பல வருஷமாகிவிட்டது, இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் வேறு. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். 2025 ஆகஸ்டில் ஓசூர் பக்கமாக இருக்கும் பொம்மசந்திரா வரை பெங்களூர் மெட்ரோ வந்த பிறகு, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் குடியிருப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் வாடகையும் ஏறுகிறது, பெங்களூர் வழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பாகலூர் சாலையில் காலையில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு டிராஃபிக் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூர் மோசமான ஊர் இல்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்திரசூடேஸ்வரர் மலை மேல் சாயங்காலம் நின்றால் மனசுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும், பங்குனித் தேர் ஓடும்போது ஊரே தெருவில் நிற்கும். தளி சாலைப் பக்கம் பசுமைக்குடில்களுக்குள் வரிசை வரிசையாக ரோஜா வளர்வதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம், பிப்ரவரியில் வெளிநாடுகளுக்குப் போகிற பூ அது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருந்தபோது எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் வேறு எங்கேயோ போவதற்காகத்தான் அங்கே இருந்தார்கள். கொஞ்சம் காசு சேர்ந்தால் பெங்களூர், ஓய்வு பெற்றால் சொந்த ஊர். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் காலி செய்துவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இது ஊரின் குற்றம் இல்லை, வேலைக்காக வளர்ந்த ஊர் அப்படித்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரி அப்படி இல்லை. இங்கே பழையபேட்டைத் தெருக்களில் நடந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கோட்டை மலை நிற்கும். சையத் பாஷா மலை என்றும் சொல்வார்கள். ஒரே பாறை, கருப்பும் சாம்பலுமாக. எங்கள் ஊரில் உயரமான பொருள் என்றால் கோயில் கோபுரம்தான், அதைத் தாண்டினால் வானம் வரை வயல். அப்படி வளர்ந்த எனக்கு வந்த புதிதில் இந்த மலை மூச்சு முட்டுவது மாதிரிகூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையில் மேலே கூட்டிக்கொண்டு போனார். படிகள் பாறையிலேயே வெட்டியவை, நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டு நடுவில் வழுவழுவென்று பள்ளமாகிக் கிடக்கின்றன, ஈரமாக இருந்தால் ஓரமாகத்தான் காலை வைக்க வேண்டும். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி, "இதுக்கே ஒக்காந்துட்டியா பாப்பா, இன்னும் பாதி இருக்கு, எந்திரி எந்திரி" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுப் போனார். மேலே இடிந்த மதில், பாறைச் சுனையில் பச்சையாகத் தண்ணீர், தர்கா. ஒரு பக்கம் கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் தகடாக மின்னுகிறது, சுற்றிலும் மாந்தோப்பு, தோப்புக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாறைக் குன்றுகள், தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு மாதிரி. அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் கோட்டையின் கதையும் சாதாரணமானதில்லை. விஜயநகரக் காலத்துக் கோட்டை, அப்புறம் ஹைதர் அலி, திப்பு கையில் இருந்தது. 1791-ல் ஆங்கிலப் படை இதைப் பிடிக்க ஏறிப் பார்த்து முடியாமல் திரும்பியது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பக்கம் அடங்கிய பாராமகால் சீமை முழுவதையும் திப்புவிடம் எழுதி வாங்கித்தான் அவர்களால் உள்ளே வர முடிந்தது. இன்னும் பின்னால் போனால், மல்லச்சந்திரத்தில் குன்றின் மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாறைகளுக்கு இடையில் மனுஷர்கள் இரும்பைக் கையாண்டிருக்கிறார்கள். காவிரிக் கரையில் சோழன் கட்டிய கோயில்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நம் ஊர்தான் பழசு என்று ஒரு எண்ணம் உண்டு. அது போய்விட்டது.

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் பேச்சு தெலுங்கு. எங்களோடு தமிழ், பால்காரரோடு உருது, ஓசூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரோடு கன்னடம். நாலு மொழியும் ஒரே வாசலில் கேட்கும், யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. தை மாதம் அவரைக்கொட்டை வரும்போது குழம்பு வைத்து, களியோடு கொடுத்தனுப்புவார். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான், கேழ்வரகைக் கஞ்சியாக மட்டும்தான் தெரியும். இங்கே நொய்யை வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி, நீளமான மரக்கோலால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டி எடுக்கிறார்கள். மெல்லாமல் அப்படியே குழம்பில் தொட்டு முழுங்க வேண்டும். பழகப் பழகத்தான் பிடிக்கும், பிடித்த பிறகு மதியம் சோறு கனமாகத் தெரியும்.

மாம்பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மே மாதத்திலிருந்து ஜூலை வரை செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா, கடைசியில் நீலம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும், கோடையில் மாங்கனிக் கண்காட்சியும் நடக்கும். ஆனால் தோப்புகளில் அதிகம் தொங்குவது மூக்கு வளைந்த பெங்களூரா, கூழ் ஃபேக்டரிக்குப் போவது. விளைச்சல் கூடினால் இதன் விலை அப்படியே படுத்துவிடும். பறிக்கிற கூலிகூட நிற்காது என்று மரத்திலேயே விட்டுவிட்ட தோப்புகளைப் பார்த்திருக்கிறேன், கீழே விழுந்து அழுகுகிற வாசனை சாலை வரை வரும். குறுவை முளைத்துவிடுமோ என்று மழையில் களத்து மேட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தத் தோப்பைக் கடக்கும்போது எனக்கு வயிறு பிசையும். ஓசூரில் இருந்தவரை விவசாயம் என் கண்ணிலேயே படவில்லை. இங்கே அது வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

தருமபுரியைப் பற்றி. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து வந்த மாவட்டம், அதிலிருந்துதான் 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது, ஆகவே மூத்த வீடு அதுதான். அதியமான் ஆண்ட தகடூர் இதுதான். அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றி நாத்தனாரின் மகள் அவளுடைய சொந்தத் தாத்தா கொடுத்தது போலப் பேசுவாள். வாடகை மூன்று ஊரிலும் தருமபுரியில்தான் குறைவு, 2008-லிருந்தே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நினைத்தால் ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மீன் சாப்பாட்டோடு திரும்பிவிடலாம். வத்தல்மலையில் காப்பித் தோட்டம்கூட உண்டு. ஆனால் மலை ஊருக்குள் இல்லை, வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓசூரில் வேலை என்றால் தினமும் போய்வருவது நடக்காத காரியம். சேலம் பக்கம் வேலை இருப்பவர்கள், அல்லது இருவரில் ஒருவருக்கு அரசு வேலை உள்ளூரிலேயே கிடைத்தவர்கள் யோசிக்காமல் தருமபுரியை எடுக்கலாம்.

இனி கிருஷ்ணகிரியின் குறைகள். பெரிய குறை ரயில். மாவட்டத் தலைநகரத்தில் ரயில் நிலையமே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன லைன் வந்திருக்கிறது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அது போய்விட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு வரும். மைசூரிலிருந்து கும்பகோணம் வழியாகப் போகிற ராத்திரி வண்டி ஓசூரிலும் தருமபுரியிலும் நிற்கிறது, நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி தருமபுரி போய் அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும், தீபாவளி நேரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு இது பெரும்பாடு. பஸ்ஸுக்குக் குறையில்லை. சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலை, குப்பம் சாலைகள் எல்லாம் இங்கேதான் சந்திக்கின்றன, நடுராத்திரியிலும் வண்டி கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பழைய போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை தெரியும், எலும்பு வளைந்தவர்களும் உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-லிருந்து காவிரித் தண்ணீர் ஏறி வருகிறது. ஆகவே வீடு பார்க்கும்போது ஹாலில் டைல்ஸ் என்ன கலர் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒகேனக்கல் தண்ணி வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீரைச் சமைக்கவும் குடிக்கவும் எடுக்காதீர்கள். தென்பெண்ணை விஷயத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி இரண்டுமே பாவம். பெங்களூர்க் கழிவு கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரைத்து நிற்கும், அதே ஆறுதான் கீழே கே.ஆர்.பி. அணைக்கும் வருகிறது.

இன்னொன்று சொல்லும்போதே கோபம் வருகிறது. குவாரிகள். இங்கே கிடைக்கும் கிரானைட்டுக்கு வெளிநாட்டில் கிராக்கி, அதனால் மலைகளைக் கேக் வெட்டுவது மாதிரி சதுரம் சதுரமாக அறுத்து எடுக்கிறார்கள். வேலை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அறுத்த மலை திரும்ப வளராது. நாலு மொழி பேசுகிற இந்த ஜனம் அத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த மலைகள்தான்.

என் வீட்டுக்காரர் இங்கேயிருந்துதான் ஓசூருக்குப் போய்வருகிறார், 50 கிலோமீட்டர் சொச்சம், கம்பெனி பஸ் உண்டு. ஜெனரல் ஷிஃப்ட் என்றால் சிரமமில்லை. ஏ ஷிஃப்ட், அதாவது காலை ஷிஃப்ட் என்றால் விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் ரவுண்டானாவில் நிற்க வேண்டும், வருஷக்கணக்கில் அது உடம்புக்கு ஆகாது. அதனால் கம்பெனியில் சேரும்போதே உங்களுக்கு எந்த ஷிஃப்ட், பஸ் எதுவரை வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரைக் கூட்டி வருபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: இங்கேயும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஆனால் சில சிகிச்சைகளுக்கு இன்னும் சேலத்துக்கோ பெங்களூருக்கோதான் அனுப்புகிறார்கள்.

வீடு பார்க்க மார்கழியில் வராதீர்கள், அப்போது வந்தால் மூன்று ஊரும் சொர்க்கமாகத்தான் தெரியும். மே மாதம் வாருங்கள். போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் தூங்க முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். அதோடு மாம்பழமும் வந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையையும் பார்த்துவிட்டுப் போகலாம். கிருஷ்ணகிரிக்கு வருவதாக இருந்தால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை மலைக்குக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.